வேதியியல் துறையில் எனக்கொரு பேத்தி

மேஜை டிராயரை மூடுவது பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. ஆனால் எனக்கு இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

வேதியியல் துறைத் தலைவியின் அறை. மேலே மின்விசிறி கிறீச்சிடுகிறது. பக்கத்து ஆய்வுக்கூடத்திலிருந்து மூக்கைத் துளைக்கும் ஒரு புளித்த வாடை. நான் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருக்கிறேன். நல்ல சேலை கட்டியிருக்கிறேன். செத்துப்போன என் வீட்டுக்காரரின் மூக்குக்கண்ணாடியை மாட்டியிருக்கிறேன். அதன் வழியாகப் பார்த்தால் மேடத்துக்கு இரண்டு மூக்கு தெரிகிறது. எனக்குப் பின்னால் என் பேத்தி சுயம்புக்கனி, முதலாமாண்டு மாணவி, தலையைக் குனிந்து நிற்கிறாள்.

மேடம் டிராயரைத் திறந்து ஒரு தாளை எடுத்து என் முன்னால் வைத்தார். ஒரு கேள்வி கேட்டார். நான் பதில் சொன்னேன். தாளை எடுத்துத் திரும்ப டிராயருக்குள் வைத்து மூடினார்.

அவ்வளவுதான் நடந்தது. அந்தப் பதிலைப் பற்றித்தான் இந்த வாரப் பத்தியில் எழுத வேண்டும். அதற்கு முன்னால் ஒரு சின்ன விஷயம் சொல்லிவிடுகிறேன்.

சுயம்புக்கனி என் பேத்தி இல்லை.

ஐந்து துறைப் பாட்டி

வண்ணார்பேட்டைப் பக்கம் ஒரு கல்லூரியின் பின்வாசலில், பஸ் நிறுத்தத்தை ஒட்டி என் தள்ளுவண்டி நிற்கும். மாங்காய்க் கீற்று, நெல்லிக்காய், அவித்த கடலை. மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவள் கல்லூரி வாழ்க்கையைப் பற்றி எழுதலாமா என்று கேட்பீர்கள். கல்லூரிப் பிள்ளைகள் முதலாமாண்டை ஒரே ஒரு தடவைதான் படிக்கிறார்கள். நான் வருஷா வருஷம் படிக்கிறேன்.

முதலாமாண்டுப் பிள்ளைகளுக்கு ஒரு கண்டம் உண்டு. வகுப்புக்கு ஒழுங்காக வராவிட்டாலோ, மதிப்பெண் குறைந்தாலோ, துறையில் கூப்பிட்டு "வீட்டுல இருந்து யாரையாவது கூட்டிட்டு வா" என்று சொல்லிவிடுவார்கள். முதன்முதலில் அப்படி மாட்டிக்கொண்ட ஒரு பையன் என் வண்டிக்கு வந்து நின்றான்.

"ஆச்சி, ஒரு அஞ்சு நிமிசம் எனக்குப் பாட்டியா வாரியளா?"

"ஏலே, உங்க அம்மைக்கு என்னலே வந்துச்சு?"

"அம்மை வந்தா ரெண்டு பேரு என்னைய கொல்லுவாவ. நீங்க வந்தா மேடம் மட்டுந்தான்."

கணக்கு சரியாக இருந்ததால் போனேன். அன்று ஆரம்பித்தது. வணிகவியலில் நான் பாட்டி. தமிழில் பெரியம்மை. இயற்பியலில் ஒரு பையனுக்கு அப்பாவைப் பெற்ற ஆச்சி, அதே வாரம் கணிதத்தில் ஒரு பெண்ணுக்கு அம்மாவைப் பெற்ற ஆச்சி. பதிவேட்டில் எல்லா இடத்திலும் 'கோமதி' என்றுதான் கையெழுத்து. வேறு பெயர் எழுத எனக்கு நேரமாகும். நல்லவேளை, ஒரு துறைக்காரர் இன்னொரு துறைக்குப் போய் டீ கூடக் குடிக்க மாட்டார். ஆசிரியர்கள் எல்லாரும் முன்வாசல் வழியாக வண்டியில் வருகிறவர்கள். பின்வாசலில் மாங்காய் விற்பவளின் முகம் அவர்களுக்குத் தெரியாது.

கூலி எதுவும் வாங்கியதில்லை. எனக்கு அது ஒரு நாடகம்.

நாடகத்துக்கு ஒரு முறை வைத்திருந்தேன். அறைக்குள் போனதும் பிள்ளையின் முதுகில் ஒன்று போட வேண்டும். "அடிக்காதீங்கம்மா" என்று ஆசிரியர் எழுந்து பிள்ளையின் கட்சிக்கு வந்துவிடுவார். அதற்கப்புறம் என்ன கேட்டாலும் இல்லை என்று சொல்ல வேண்டும். வீட்டில் கஷ்டமா? இல்லை. உடம்புக்கு முடியவில்லையா? இல்லை. 'ஆமாம்' என்று சொன்னால் அடுத்த கேள்வி வரும். அதற்கு நமக்கு விடை தெரியாது. 'இல்லை' என்றால் அதோடு முடிந்தது.

இந்த 'இல்லை'யை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

புங்க மரத்து நிழல்

ஏன் இந்த வேலை உனக்கு என்று என் மகன் கேட்பான். அவனிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன்.

மூன்றாம் வகுப்பில் எனக்கும் அந்தக் கண்டம் வந்தது. பக்கத்துப் பெண்ணின் சிலேட்டை உடைத்துவிட்டேன் என்று குற்றச்சாட்டு. உடைத்தது நான்தான், அதில் சந்தேகம் இல்லை. அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்தால்தான் உள்ளே விடுவேன் என்று சொல்லிவிட்டார் வாத்தியார். எங்கள் அப்பா ஆற்றோரத்து வாழைத்தோட்டத்தில் மண்வெட்டி வேலை. "நாளைக்கு வாரேன் தாயி" என்றார். மறுநாளும் அதையே சொன்னார். பள்ளிக்கூடம் என்றால் அவருக்குப் பயம் என்று எனக்கு அப்போது தெரியாது.

மூன்று நாள் பள்ளிக்கு வெளியே புங்க மரத்தடியில் நின்றேன். உள்ளே வாய்ப்பாடு சொல்லும் சத்தம் கேட்கும். நானும் வெளியே நின்று சொல்வேன். ஆறாம் வாய்ப்பாடு வரைக்கும் வந்தது. நான்காம் நாள் அம்மா என் கையில் ஆட்டைப் பிடித்துக் கொடுத்துவிட்டாள். ஏழாம் வாய்ப்பாடு எனக்கு இன்று வரை தெரியாது.

யாராவது ஒரு ஆள் வந்திருந்தால் போதும், யாராக இருந்தாலும் போதும் என்று ரொம்ப நாள் நினைத்திருக்கிறேன். அதனால்தான் எந்தப் பிள்ளை கூப்பிட்டாலும் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு கிளம்பினேன்.

நிழல் கேட்டு வந்தவள்

கனி முதலில் வந்தது ஒரு மாசி மாதம். மாங்காய் கேட்கவில்லை.

"ஆச்சி, இங்கன நிழல்ல கொஞ்ச நேரம் இருந்துக்கிடட்டா?"

"கிளாஸ் இல்லையாட்டி?"

"இருக்கு."

"அப்ப போக வேண்டியதுதான?"

"அங்கன இருந்தாலும் ஒண்ணுதான், இங்கன இருந்தாலும் ஒண்ணுதான்."

உடன்குடிப் பக்கம் ஒரு சின்ன ஊர். அப்பா பனை ஏறுகிறவர். அம்மா பதனீர் காய்ச்சிக் கருப்பட்டி ஊற்றுவாள். பன்னிரண்டாவது வரைக்கும் தமிழில் படித்து, ஊரே மெச்சும்படி மதிப்பெண் வாங்கி, அந்த வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிக்கு வந்து ஹாஸ்டலில் தங்கியிருந்தாள். இங்கே வந்தால் பாடம் பூராவும் இங்கிலீஷ்.

"மேடம் வாய் அசையுது ஆச்சி. எல்லாரும் எழுதுதாவ. நானும் பாத்து எழுதுதேன். ஹாஸ்டல்ல போயி நோட்டத் தொறந்தா, என் எழுத்தே எனக்கு வெளங்கலை."

"வெளங்கலைன்னு கேளேன்."

"வெளங்கலைன்னு இங்கிலீசுல எப்படிக் கேக்க?"

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவளும் சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் நெல்லிக்காய்க் கூடையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்னொரு நாள் ஓடி வந்தாள். அப்படி ஒரு வெளிச்சத்தை அந்த முகத்தில் நான் அதற்கு முன் பார்க்கவில்லை.

"ஆச்சி, இன்னைக்கு மேடம் வெள்ளையா ஒரு பொடியத் தண்ணில கலக்கிக் காமிச்சாவ. பாத்த உடனே தெரிஞ்சுபோச்சு. நம்ம சுண்ணாம்பு! பதனிக் கலயத்துல தடவுவோம்லா, அது. தடவலைன்னா வெயில் ஏறுததுக்குள்ள புளிச்சுக் கள்ளாயிரும். கூடிப்போச்சுன்னா கருப்பட்டி கசக்கும். எங்க அம்மைக்குச் சந்தேகம் வந்தா என் நாக்குலதான் விட்டுப் பாப்பா."

"இத எந்திரிச்சுச் சொன்னியாட்டி?"

வெளிச்சம் அணைந்துவிட்டது.

"அதுக்கு இங்கிலீசுல என்ன பேரோ, தெரியலை."

பாடம் அந்தப் பிள்ளையின் நாக்கிலேயே இருந்தது. பேர் மட்டும்தான் இல்லை.

முதல் கையெழுத்து, இரண்டாம் கையெழுத்து

வகுப்புக்கு வராமல் என் வண்டி நிழலில் இருந்தால் துறையில் சும்மா விடுவார்களா? அப்பாவைக் கூட்டி வரச் சொல்லிவிட்டார்கள்.

"அப்பா வர முடியாது ஆச்சி. இது மரம் ஏறுத காலம். காலையிலயும் சாயங்காலமும் ஏறிப் பாளை சீவணும். விட்டா மரம் வத்திப்போவும். அப்பாவ மரத்துல இருந்து எறக்கவா நான் படிக்க வந்தேன்?"

கல்லூரியிலிருந்து வீட்டுக்குப் போன் போடலாமே என்பீர்கள். அந்த வீட்டுக்கு ஒரே போன். அதுவும் கனியின் பையில்தான் இருந்தது.

"ஏட்டி, கவலைய விடு. நாளைக்குப் பாரு இந்த ஆச்சியோட நடிப்ப" என்றேன்.

முதல் தடவை வழக்கம்போல முதுகில் ஒன்று, பதிவேட்டில் ஒரு கையெழுத்து. உறவு என்று கேட்ட கட்டத்தில் 'பாட்டி' என்று எழுதினேன். வெளியே வந்ததும் கனி என் கையைப் பிடித்துக்கொண்டாள். சில்லென்று இருந்தது. அந்த வெயிலில் ஒரு பிள்ளையின் கை அப்படிச் சில்லிட்டிருந்தால் ஏன் என்று கேட்க வேண்டாமா? நான் கேட்கவில்லை. என் நடிப்பு எப்படி என்றுதான் கேட்டேன்.

இரண்டாம் தடவை பரீட்சைத் தாள். மேடம் விரித்துக் காட்டினார். தாள் முழுக்கப் படம். குடுவை, குழாய், அடுப்பு, எல்லாம் அச்சுப்போல வரைந்திருந்தாள். எழுத்து ஒன்றிரண்டு வரிதான்.

"படம் நல்லாத்தான மேடம் இருக்கு?" என்றேன்.

மேடம் சிரித்துவிட்டார். மனுஷியைச் சிரிக்க வைத்துவிட்டேன் என்று எனக்கு அன்று முழுக்கப் பெருமை. வண்டிக்கு வந்த பிள்ளைகளிடமெல்லாம் சொல்லிச் சொல்லி மாங்காய் விற்றேன்.

மூன்றாம் கையெழுத்து

பங்குனிக் கடைசி. டிராயரில் இருந்து தாள் வந்த நாள்.

மேடம் அன்று குரலைத் தாழ்த்திப் பேசினார். "அம்மா, இவ மேல எனக்குக் கோபம் இல்ல. சாயங்காலம் அஞ்சாறு பிள்ளைகளை வச்சு, பாடத்தைத் தமிழ்ல சொல்லிட்டு அப்புறம் இங்கிலீஷ்ல சொல்லித் தர்றேன். ஹாஸ்டலுக்குத் திரும்ப நேரமாகும், அதுக்கு இந்தத் தாள்ல வீட்டு ஆளோட ஒரு கையெழுத்து வேணும். கேட்டா இவ வாயைத் திறக்க மாட்டேங்கறா. நீங்க சொல்லுங்க. இவளுக்கு வகுப்பு புரியலையா?"

எனக்குத் தெரியும். இந்த உலகத்தில் கனியைத் தவிர அது தெரிந்த ஒரே ஆள் நான்தான்.

ஆனால் கேள்வி என்று வந்ததும் என் வாய் பழகிய தடத்தில் ஓடிவிட்டது.

"அப்படியெல்லாம் இல்ல மேடம்! எங்க வீட்டுப் பிள்ளைக்குப் புரியாம என்ன? கற்பூரம்லா! கொஞ்சம் வெளயாட்டுப்புத்தி. நான் அதட்டி வைக்கேன். சாயங்காலமெல்லாம் எதுக்கு, வயசுப்பிள்ள."

'வயசுப்பிள்ள' என்று சேர்த்தது நாடகத்துக்கு மெருகு. உண்மையான பாட்டி அப்படித்தானே சொல்வாள் என்று நினைத்தேன்.

மேடம் கனியைப் பார்த்தார். கனி என்னைப் பார்த்தாள். எனக்கு அந்தக் கண்ணாடியில் இரண்டு கனி தெரிந்தார்கள். இரண்டு பேருடைய முகத்தையும் நான் படிக்கவில்லை. பதிவேட்டை இழுத்துக் கையெழுத்துப் போட்டேன். கையெழுத்து விழாத தாள் டிராயருக்குள் போனது.

அதன் பிறகு அவள் என் வண்டிப் பக்கம் வரவில்லை. பரீட்சை நேரம், படிக்கிறாள் போல என்று இருந்துவிட்டேன்.

வெள்ளைச் சட்டை

கோடை விடுமுறை முடிந்து, கல்லூரி திறந்து, ஆடிக் காற்று என் குடையைப் பிடுங்கிக்கொண்டிருந்த சமயம். பஸ்ஸில் இருந்து ஒருவர் இறங்கினார். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. கையில் ஓலைப்பெட்டி. உள்ளங்கையும் முழங்கையும் மரம் உரசிக் காய்த்துக் கறுத்திருந்தன. அவர் வாயைத் திறக்கும் முன்பே யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"எம்மா, கெமிஸ்ட்ரி டீச்சர எங்கன பாக்கலாம்?"

"என்ன விசயமாய்யா?"

"எம் மவ இங்கன முதல் வருசம் படிச்சா. எல்லாப் பேப்பரும் போயிட்டு. இப்ப படிக்கவே மாட்டேன்னு இங்க ஒரு துணிக்கடையில வேலைக்குச் சேந்துட்டா. காரணங் கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்கா. டீச்சருக்காவது தெரியுமான்னு கேக்கலாம்னு வந்தேன். நீங்க கொஞ்சம் கூட வாரியளா? எனக்கு இதெல்லாம் பழக்கமில்ல."

எத்தனையோ பிள்ளைகள் என்னைப் பாட்டியாகக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஒரு தகப்பன் துணைக்குக் கூப்பிட்டது அன்றுதான். முடியாது என்று எப்படிச் சொல்ல? நல்ல சேலை இல்லை, மூக்குக்கண்ணாடி இல்லை, மிளகாய்ப்பொடிக் கையோடு கூடப் போனேன்.

மேடம் என்னைப் பார்த்ததும் எழுந்தார். "வாங்கம்மா. மகனைக் கூட்டிட்டு வந்திருக்கீங்களா? இதை முதல்லயே செஞ்சிருக்கக் கூடாதா?"

கனியின் அப்பா ஒன்றும் புரியாமல் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

மேடம் அவரிடம் சொன்னார். "உங்க அம்மா மூணு தடவை வந்தாங்க. புரியலையான்னு கேட்டதுக்கு அதெல்லாம் இல்லன்னுட்டாங்க. சாயங்கால வகுப்பும் வேண்டாம்னுட்டாங்க. வீட்டுல உங்ககிட்ட எதுவுமே சொல்லலையா?"

பதிவேட்டைத் திருப்பி அவர் முன்னால் வைத்தார். கோமதி, பாட்டி. கோமதி, பாட்டி. கோமதி, பாட்டி.

அவர் அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என் கையில் இருந்த மிளகாய்ப்பொடியைப் பார்த்தார். அவருடைய அம்மா செத்து எத்தனை வருஷமோ, எனக்குத் தெரியாது. இப்போது கத்தப் போகிறார், கத்தட்டும் என்று நின்றேன்.

"எங்க அம்மை சொல்லிருப்பா மேடம்" என்றார் பைய. "மரம் ஏறுத அலுப்புல எனக்குத்தான் காதுல விழுந்திருக்காது."

ஊருக்கே வாய் காட்டும் நான், மிளகாய்ப்பொடிக் கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டேன்.

வெளியே வேப்பமரத்தடியில் நின்றோம். அவர் சட்டை நுனியை நிமிண்டிக்கொண்டிருந்தார்.

"எம்மா, நீங்க நல்லதுக்குத்தான் செஞ்சிருப்பிய. ஆனா ஒரு வார்த்த எனக்குச் சொல்லி விட்டிருந்தா, மரத்தப் போட்டுட்டு வந்திருப்பேனே. பாளை வத்துனா அடுத்த வருசம் வரும்."

மேடத்துக்கென்று கொண்டு வந்த பெட்டியை அங்கேயே கொடுத்துவிட்டு வந்திருந்தார். சட்டைப் பைக்குள் கையை விட்டு, தாளில் பொதிந்த ஒரு கருப்பட்டித் துண்டை எடுத்து என் கையில் வைத்தார். "லீவுல கனி பதம் பாத்து ஊத்துனது" என்று சொல்லிவிட்டு, வந்த பஸ்ஸில் ஏறிவிட்டார்.

அதை நுனியில் கடித்துப் பார்த்தேன். கசக்கவில்லை. சுண்ணாம்பு சரியாக இருந்தது.

துணிக்கடையில்

மறுநாள் போய் மேடத்திடம் உள்ளதைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. "அவளைக் கூட்டிட்டு வாங்க, நான் பாத்துக்கறேன்" என்றார்.

வண்ணார்பேட்டையில் அந்தத் துணிக்கடை எது என்று தேடிக் கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆனது. இரண்டாம் மாடி, சுடிதார் பிரிவு. ஒரே நிறத்தில் சேலை கட்டிய பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். கனி கொஞ்சம் இளைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் சட்டென்று ஒரு துணியை எடுத்து என் முன்னால் விரித்தாள். அங்கே சும்மா நின்று பேசக் கூடாதாம்.

"ஏட்டி, மேடம் கூப்புடுதாவ. நான் எல்லாத்தையும் சொல்லிட்டேன். வாட்டி."

"வேண்டாம் ஆச்சி." துணியை நீவிவிட்டாள். "இங்க எல்லாரும் தமிழ்லதான் பேசுதாவ. கேட்டா பதில் சொல்ல முடியுது."

"உங்கப்பா வந்தாரு."

"தெரியும்." இன்னொரு துணியை விரித்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஆச்சி, அன்னைக்கு மேடம் அந்தத் தாளை எடுத்து வச்சுக் கேட்டாவல்லா. நீங்க ஆமான்னு சொல்லிருவியன்னு நெனச்சேன். என்னால சொல்ல முடியலை. நீங்க சொல்லிருவியன்னு நெனச்சேன்."

உலகத்தில் எல்லாக் கேள்விக்கும் 'இல்லை' என்று சொல்லிப் பழகியவள், அவள் விரித்த துணியின் பூக்களை எண்ணிக்கொண்டு நின்றேன்.

மேற்பார்வையாளர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் வந்தார். சொந்தக்காரர்கள் வந்து பேசினால் அந்தக் கடையில் பிள்ளைகளுக்குத்தான் திட்டு விழுமாம்.

"யாரும்மா இவங்க? உனக்குத் தெரிஞ்சவங்களா?"

கனி துணியை மடித்தாள். மடிப்பு நேராக வந்தது.

"இல்ல சார்" என்றாள்.